ஐயோ பாவமும் தண்ணீர்க் குட்டையும்

தலைமை வீற்றிருக்கும் ஊர்த்தலைவர் அவர்களே! மகளை மனமுவந்து தந்திருக்கும் கவாய் குடும்பத்தாரே! மருமகளை மகிழ்ந்து வரவேற்கும் மிஸுதா குடும்பத்தாரே! விடியலில் இருந்து மீன் அரிந்து, சோறு வடித்து, கைநோக உழைத்த தாய்மார்களே! என்னை விட என் கடைச் சாக்கே மதுவை அதிகம் நேசிக்கும் பெரியோர்களே! உங்கள் அனைவருக்கும் மதுக்கடை இசாமுவின் இடுப்பு வளைந்த வணக்கம்!

இசாமு என்றால் வீரன். இந்த வீரன் மணந்தவள் பெயர் ஷிஸுயே. அமைதியான கிளை என்று பொருள். அந்த அமைதியான கிளை இன்று காலை கூரை அதிர எனக்குச் சொன்னது இது.

"இந்தாய்யா, இது கல்யாண மேடை. முடிக்கிறேன், பிரியறேன், அறுக்கிறேன்னு அபசகுனமா ஏதாவது வாயில வந்துச்சு, வீட்டுப் பக்கமே வந்துராத!"

வீரன் நடுங்கிப்போனேன். பேச்சைத் தொடங்கத் தெரிந்தவனுக்கு முடி... இல்லை ஷிஸுயே, சொல்லவில்லை, பாதியிலேயே விழுங்கிவிட்டேன்!

அன்பர்களே! பெயர் என்பது என்ன? ஏட்டில் எழுதும் எழுத்தா? காதில் விழும் ஓசையா? எழுத்திலே எழிலாக இருப்பது ஓசையிலே ஏளனமாகிப் போவது ஏன்? இந்தக் கேள்விதான் இந்தத் திருமணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

மணமகன், மிஸுதா சோ. மிஸுதா என்றால் நீர் நிறைந்த வயல். சோ என்றால் காற்று வீசும் ஓசை. மணமகள், கவாய் மாரி. கவாய் என்றால் நதிகள் கூடுமிடம். மாரி என்றால் உண்மை. எழுதி வைத்துப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்! ஆனால் நம் சட்டம் என்ன சொல்கிறது? கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே குடும்பப் பெயர்தான் என்கிறது. சரி, மாரி கணவன் வீட்டுப் பெயரை ஏற்கட்டும். எங்கே, சேர்த்துச் சொல்லுங்கள். மிஸுதா மாரி. மிஸுதாமாரி! சிரிக்கிறீர்களே! மிஸுதாமாரி என்றால், மழை ஓய்ந்த தெருவிலே நம் செருப்பை நனைக்கும் தண்ணீர்க் குட்டை! அதுவும் யாருக்கு? பக்கத்து நகரத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தரும் ஆசிரியைக்கு! குட்டையில் எவன் நீச்சல் பழகுவான்?

என்ன, முன்வரிசையில் ஒரு குரல்? மாப்பிள்ளை பெண்வீட்டுப் பெயரை ஏற்கட்டுமா? நல்லது, அதையும் நீங்களே சொல்லிப் பாருங்கள். கவாய் சோ. கவாய்சோ! காதில் விழுவது 'ஐயோ பாவம்'! அதுவும் யாருக்கு? வரும் வசந்தத்தில் பல் மருத்துவமனை திறக்கப்போகும் பிள்ளைக்கு! வாசலிலே 'ஐயோ பாவம் பல் மருத்துவமனை' என்று பலகை தொங்கினால், பல்வலிக்காரன் படியேறுவானா, பறந்தோடுவானா?

இலையுதிர் காலத்தில் இரண்டு குடும்பமும் என் கடைப் பின்னறையில் கூடின. நடுவில் நான். தட்டிலே முள்ளங்கி ஊறுகாய். அதை யாரும் தொடவில்லை.

பெண்ணின் தகப்பனார் தொடங்கினார். "நதி கூடுற வீட்டுல பொறந்த பொண்ணு, உங்க வீட்டுக்கு வந்து குட்டையாகணுமா? நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!"

மாப்பிள்ளையின் தகப்பனார் மினோரு விடுவாரா? "எனக்கு இருக்கிறது ஒரே பையன். அவனை ஊரே ஐயோ பாவம்னு கூப்பிடணுமா? அப்படி ஒரு சம்பந்தமே எங்களுக்கு வேண்டாம்!"

"வேண்டாம்னா போங்களேன்!"

இருவரும் எழுந்துவிட்டார்கள். அப்போது சோ வாயைத் திறந்தான். "எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க. நானே கவாய் ஆயிடறேன். இவ இல்லேன்னா நான் நிஜமாவே ஐயோ பாவம்தான். அதுக்குப் பேரு மட்டும் பாவமா இருந்துட்டுப் போகட்டும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாரிக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்காக நீ ஒண்ணும் தியாகம் பண்ண வேண்டாம்!" என்று கதவைத் தள்ளிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டாள்.

"போச்சா?" என்றார் மினோரு.

"போச்சு" என்றேன்.

போனவள் திரும்பி வந்தாள்! மூச்சு வாங்க, முகமெல்லாம் சிரிப்பாக வந்து மினோருவின் முன் நின்றாள்.

"மாமா, பஸ் ஸ்டாப் பலகையில உங்க ஊர்ப் பேரைப் பார்த்தேன். என்ன அது?"

"மிஸுநாஷி. உனக்குத் தெரியாதாம்மா?"

"அப்படின்னா என்ன அர்த்தம்?"

"தண்ணி இல்லாத ஊருன்னு அர்த்தம். ஆறு மண்ணுக்கு அடியில ஓடிப்போயிடும். எங்க குடும்பப் பேருல இருக்கிற தண்ணிதான் இந்த ஊர்த் தண்ணி மொத்தமும்!"

"அந்த மாதிரி ஊருல ஒரு குட்டை வந்து தேங்குச்சுன்னா என்ன மாமா செய்வீங்க?"

மினோரு யோசிக்கவே இல்லை. "வேலி போடுவேன். பக்கத்துலயே பாயைப் போட்டுக் காவல் காப்பேன். எவனாவது ஒரு வாளி மொண்டான்னா கையை உடைப்பேன்!"

"அப்போ சரி. நான் மிஸுதா மாரியாவே வர்றேன்."

சோ பதறினான். "நீச்சல் பிள்ளைங்க கேலி பண்ணுமே!"

"பண்ணட்டும். நீ போய்ப் பல்லைப் பாரு."

பெண்ணின் தகப்பனார் அப்போதுதான் ஊறுகாயை எடுத்துக் கடித்தார். "சம்பந்தி, நான் அனுப்புறது நதி. குட்டைதானேன்னு ஏமாந்துடாதீங்க" என்றார். என்ன மினோரு, வேலி போட்டாயிற்றா? போட்டாயிற்றாம்! கை தட்டுங்கள்!

அன்புடையீர்! பெயரின் பொருள் அகராதியிலா இருக்கிறது? அந்தப் பெயர் எந்த வாசலில் போய் நிற்கிறதோ, அங்கே இருக்கிறது! நகரத்திலே குட்டையை மிதித்துவிட்டுத் திட்டுவார்கள். இங்கே மிஸுநாஷியிலே, ஒரு குட்டை வந்தால் ஊரே கூடிக் கைகூப்பும்! இதோ, கூடியிருக்கிறோம்! இதோ, கைகூப்புகிறோம்!

வாழ்க மிஸுதா மாரி! வாழ்க தப்பிப் பிழைத்த பல் மருத்துவர்! பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. இத்துடன் என் பேச்சை நான்... பார்க்காதே ஷிஸுயே, அதைச் சொல்லமாட்டேன்! கல்யாண வீட்டில் அதற்குப் பதில் 'திறக்கிறேன்' என்பதுதானே நம் வழக்கம்! மணமக்களே, மரச்சுத்தியலைப் பிடியுங்கள். சாக்கேப் பீப்பாயின் மூடியைத் தட்டித் திறவுங்கள். பெரியோர்களே, கிண்ணங்களை நீட்டுங்கள். வணக்கம் கூறி, என் பேச்சைத் திறக்கிறேன்!