பருத்திமாரின் பதம்

மேடையின் நடுவே மலர்ந்த முகத்தோடு வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! முதல் ஷிப்டு முடித்து, தலையில் பஞ்சு ஒட்டியபடியே வந்திருக்கும் தோழர்களே! ராஜபாளையத்துப் பெரியோர்களே! ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, என் பேச்சைவிடப் பந்தல் நிழலைப் பெரிதாக எண்ணி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கெமிஸ்ட் சக்ரபாணியின் தலைதாழ்ந்த வணக்கம்.

பஞ்சு மில்லுக்கு, பருத்திக்கொட்டை மாட்டுக்கு, மிஞ்சிய காய்ந்த செடி பருத்திமாருக்கு அடுப்புதானே கதி என்றிருந்தோம்! அதற்குள்ளே சர்க்கரை இருக்கிறது என்று போன வருடம், எண்பத்தாறிலே, நான் சொன்னபோது, கட்டுச் சுமக்கும் பேச்சிமுத்து என்ன கேட்டார்? "பருத்திமாருக்கும் சர்க்கரை வியாதியா சார்?" சிரியுங்கள், நானும் சிரித்தேன்! ஆனால் அமிலம் விட்டு ஆவியில் அவித்தால், அந்தச் சர்க்கரை ஃபர்ஃப்யூரல் என்னும் எண்ணெயாகும். அது மசகெண்ணெயைச் சுத்தமாக்கும். வார்ப்பட மணலை இறுக்கும் பிசினாகும். ஒன்றிலிருந்து ஒன்பது பிறக்கும் தாய்ச்சரக்கு ஐயா, தாய்ச்சரக்கு!

பிறந்ததா? முதல் கொப்பரை தார். இரண்டாம் கொப்பரையும் தார்! முதலாளி சுப்புராஜ் சொல்லிவிட்டார்: "மூணாவதும் தாராப் போச்சுன்னா ஷெட்டைப் பூட்டிருவோம் சார்." கொப்பரை வைத்த அந்த ஷெட்டைப் பூட்டினால், அங்கே வேலை பார்க்கும் முப்பது பெண்களுக்கு வேலை போய்விடும்.

மூன்றாம் கொப்பரை கொதிக்கிறது. பருத்திமாரை நறுக்கும் பரிபூரணம் ஓடி வந்தார். பதினைந்து வருடம் பால்கோவா கிண்டிய கை அது!

"சார், அடிபிடிக்கிற வாசம் வருது. செத்த நேரம் விட்டா கருகிரும். எறக்குங்க!"

நான் படித்தவனல்லவா? "சார்ட்ல இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கும்மா" என்றேன்.

"சார்ட்டுக்கு மூக்கு இருக்கா சார்?"

வால்வைத் திறந்தேன். வடிந்தது! வாதுமை மணக்க, வைக்கோல் நிறத்தில், சொட்டுச் சொட்டாய் வடிந்தது! அழுதுவிட்டேன் ஐயா, மறைப்பானேன்? உண்டான எண்ணெயை உடனே வெளியே எடுக்காமல், உள்ளேயே போட்டுக் கருக்கிய மடையன் நான்தான். பட்டம் என்னிடம் இருந்தது. பதம் அவரிடம் இருந்தது.

இன்று முதல் பீப்பாய் லாரி ஏறுகிறது. ஷெட் பூட்டுமா? பூட்டாது! முப்பது பேரில் ஒருவராவது வீட்டுக்குப் போவாரா? போகமாட்டார்! இனி வால்வைத் திறக்கச் சொல்லப்போவது யார்? ஷிப்டு மேஸ்திரி பரிபூரணம்! தட்டுங்கள் கையை! இதோடு விடுவோமா? கரும்புச் சக்கையிலே எத்தனை சர்க்கரை! கடற்பாசியிலே எத்தனை சர்க்கரை! சோளத்தட்டையிலே... யாரது முன்வரிசையில் கை காட்டுவது? பரிபூரணமா? என்னம்மா?

"போதும் சார், எறக்குங்க. அடிபிடிக்குது!"

உத்தரவு, மேஸ்திரியம்மா! பொறுமையாய்க் கேட்ட அனைவருக்கும் நன்றி. இதோ, இறக்கிவிட்டேன். வணக்கம்!