சுருட்டை வாய் திறக்காத படம்

ஹலோ… ஹலோ, வாஷிங் மெஷின் ரிப்பேர் கடைங்களா? … அப்பாடா! காலையில பண்ணினேன், மத்தியானம் பண்ணினேன், 'இதோ ஆள் வர்றாங்க'ன்னு ஒரு பொண்ணு சொல்லுச்சு. ஒருத்தரும் எட்டிக்கூடப் பாக்கலை. … ஆமாங்க, பாதியில நின்னு போச்சு. உள்ள தண்ணி நிக்குது, கதவு திறக்க மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரர் பஸ் டிரைவருங்க. நாளைக்குப் போட்டுக்க வேண்டிய யூனிபாரம் அதுக்குள்ள ஊறிக்கிட்டிருக்கு. கண்ணாடி வழியா பாத்தா சட்டைக் கை மட்டும் ஒட்டிக்கிட்டு, என்னைக் காப்பாத்துங்கிற மாதிரி…

… ம். … ம். … என்ன சொன்னீங்க? … இல்லல்ல, அதுக்கு முன்னாடி. … 'பொறுங்க'ன்னீங்களே, அதுதான். இன்னொரு தடவை சொல்லுங்க. … ஐயோ! … ஐயையோ! … சார், விளையாடாதீங்க. யார் சார் நீங்க?

… மெக்கானிக்னா நான் நம்பணுமா? நான் பஸ் ஸ்டாண்டுல மைக்ல அறிவிப்பு சொல்றவ சார். குரல்தான் எனக்குச் சோறு போடுது. என் காதை ஏமாத்த முடியாது. இது சுருட்டையோட குரல்! … சுருட்டைன்னா நம்ம ஹீரோ சார். அந்த முடிக்காக ரசிகருங்க அப்படித்தான் கூப்பிடுவோம். கோர்ட் படத்துல, ஜட்ஜு தீர்ப்பு படிக்கப் போவாரு, இவரு கூண்டுல நின்னுக்கிட்டு ஒரே ஒரு வார்த்தை, 'பொறுங்க'ன்னு… அதேதான்! தியேட்டர்ல ஒருத்தர் இருமலை சார். … மிமிக்ரியா பண்றீங்க? … பின்ன?

… என்னது? … டப்பிங்கா? … எல்லாப் படத்துக்குமா? … அப்போ அவரோட சொந்தக் குரல்? … கீச்சுக் குரலா! சுருட்டைக்கா! … சிரிக்காதீங்க சார், எனக்கு இங்க நெஞ்சை அடைக்குது. … ஆமா, ஆமா, உட்கார்ந்துட்டேன். அழுக்குத் துணிக் கூடை மேலதான்.

… அப்போ கோர்ட்ல என்னை அழ வெச்சது நீங்க? … அப்பன் செத்த வீட்டு வாசல்ல நின்னு 'நான் உள்ள வரலாமா'ன்னு கேப்பாரே, அது? … அதுவும் நீங்க. … வில்லனா வந்தப்ப அந்தச் சிரிப்பு? … அன்னைக்கு உங்களுக்குச் சளி பிடிச்சிருந்ததா! சார், அதைக் கேட்டுட்டு என் தங்கச்சி ராத்திரியெல்லாம் லைட்டை அணைக்க விடலை. உங்க சளிக்கா நாங்க விசில் அடிச்சோம்!

… அப்புறம் ஏன் சார் இந்த ரிப்பேர் வேலை? … ஆமா, துணி தினமும் அழுக்காகுது, படம் தினமும் வருதா? அதுவும் சரிதான்.

… கோபமெல்லாம் இல்ல. … நிஜமா இல்ல. கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருக்கு, அவ்வளவுதான். சரி, ஆண்டவனாப் பாத்து உங்களைப் பிடிச்சுக் கொடுத்திருக்கான். நீங்கதான் தீர்த்து வைக்கணும். சுருட்டை நடிச்சதுலயே எது டாப்பு? கோர்ட் படம்னு நான். ஊமைப் படம்னு எங்க வீட்டுக்காரர். … அதான் சார், லிப்ட்மேனா, ஊமையா வருவாரே, அது.

… சண்டையேதான்! ஞாயித்துக்கிழமை. என் அக்கா, அத்தான் எல்லாரும் வந்திருந்தாங்க. இவர் வாயைத் திறக்கிறதே அபூர்வம். அன்னைக்குத் திறந்து, 'நீ குரல்ல மயங்கிட்டே, அவன் நடிப்பைப் பாக்கவே இல்ல'ன்னுட்டார். அத்தனை பேர் முன்னாடி! எனக்கு வந்துதே ஒரு கோபம்… 'பேசத் தெரியாத ஆளுக்கு ஊமைப் படம்தான் பிடிக்கும்'னு சொல்லிட்டேன். … சிரிச்சாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. … அவர் சிரிக்கலை.

… எங்க பேசறது? சுத்தமா பேச்சுவார்த்தை கிடையாது. அவர் பஸ் கிளம்பறப்ப நான்தான் மைக்ல சொல்வேன். சொல்லி முடிச்சதும் ஹாரனை ரெண்டு தடவை சின்னதா அமுக்குவார், எனக்குன்னு. இப்ப அதுவும் இல்ல. வண்டி பாட்டுக்குப் போகுது. … ஆமா சார். கஷ்டமாத்தான் இருக்கு.

அதை விடுங்க! நீங்க கோர்ட் படம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவர் வந்ததும் ஸ்பீக்கர்ல போடறேன். குரல் கொடுத்தவரே சொல்லிட்டா அதுக்கு மேல அப்பீல் ஏது? … ம்? … ஊமைப் படமா? … நீங்களுமா! … சார், அதுல உங்களுக்கு வேலையே இல்லையே! … ஓ. … அதனாலதானா?

… பாத்திருக்கேன். பாதி பாத்திருப்பேன். பேச்சே இல்லைன்னு போனை நோண்டிக்கிட்டிருந்தேன். … சொல்லுங்க. … பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுக் கிளம்பறா. … சரி. … பெட்டியோட ஜிப்பு மாட்டிக்குது. … போகாதேன்னு சொல்ல அவனுக்கு வாய் இல்ல… ம்… தரையில உட்கார்ந்து… அவனே அந்த ஜிப்பைச் சரி பண்ணிக் கொடுக்கிறானா? … அவ போறதுக்கா? …

… இருக்கேன் சார். லைன்லதான் இருக்கேன். … உங்களுக்கு வேலை இல்லைன்னு தெரிஞ்சும் ஸ்டூடியோவுக்குப் போய்ப் பாத்தீங்களா? … பாத்துட்டு சுருட்டை கையைப் பிடிச்சுக்கிட்டீங்களா. … ம்.

பொறுங்க… அட, எனக்கும் ஒட்டிக்கிச்சு. வாசக் கதவு சத்தம். வந்துட்டார். … மெதுவாப் பேசறேன், கேக்குதா? … ஒண்ணும் சொல்லலை. என்னைத் தாண்டிப் போறார். டிபன் டப்பாவைச் சிங்க்ல போட்டார். … மெஷினைப் பாக்கறார். … என்னைப் பாக்கலை சார், மெஷினை. … பழைய துணி எடுத்துட்டு வர்றார், ஸ்க்ரூடிரைவரும். … சார்… தரையில உட்கார்ந்துட்டார்.

… அடியில சின்ன மூடியா? ஆமா, அதைத்தான் திருகறார். நீங்க சொல்றதுக்கு முன்னாடியே திருகறார். … ஆமா, தண்ணிக்கு பேசின் வெச்சிருக்கார். … என்ன அடைச்சிருக்குன்னு தெரியலை, உள்ள ஒரே இருட்டு. யூனிபாரத்தோட உட்கார்ந்திருக்கார் சார், இதுவும் நனையப் போகுது…

… கையை நீட்டறார். … என் பக்கமாத்தான். … என்ன வேணும்னு கேக்கட்டுமா? … கேக்க வேண்டாமா? …

… கையாலயே வெளிச்சம் காட்டச் சொல்றார் சார். பக்கத்துல உட்கார இடமும் விட்டிருக்கார்.

… இல்ல, நாளைக்கு ஆள் அனுப்ப வேண்டாம். … ஆமா சார், டார்ச் இந்தப் போன்லதான் இருக்கு. வாயை மூடிக்கிட்டுப் பிடிக்கப் போறேன். வெச்சிடறேன்.