ரோட்டு வழியா அளந்த தூரம்

...நான் என்ன காக்காவா சார், பறந்து போயி அளக்கறதுக்கு? நீங்களே சொல்லுங்க. ரோடு வேலைக்குத் தண்ணி எடுக்கப் போடற போர்வெல்லுக்கும் பக்கத்துல இருக்கற குடிதண்ணி போருக்கும் நடுவுல எரநூறு மீட்டர் இருக்கணும். அதானே விதி? அளந்தேனே! டேப்பைப் பிடிச்சு, தெருமுனை வரைக்கும் போயி, திரும்பி, அந்த நீளச் சுவத்தை ஒட்டியே நடந்து... எரநூத்தி அறுபது! இந்த ஆபீசு அதிகாரி வந்தாரு, மேப்பை விரிச்சாரு, ஸ்கேலை வெச்சு ஒரு கோடு இழுத்தாரு. தொண்ணூறுங்கறாரு! ரோடு போடறவன் ரோட்டு வழியா அளக்காம, சுவர் ஏறிக் குதிச்சா அளப்பான்?

கொஞ்சம் நகந்து உக்காருங்க, ஃபைலு மடங்குது. உங்க டோக்கன் என்ன நம்பரு? எனக்கு முப்பத்தொண்ணு. இப்பத்தான் இருபத்தாறு போயிருக்கு.

கான்ட்ராக்டர்கிட்ட சைட் சூப்பர்வைசர் சார் நான். பதினாறு வருஷம். விதின்னா ஒண்ணு விடாம தெரியும். போருக்கு அனுமதி வாங்கணும், மோட்டார்ல மீட்டர் மாட்டணும், ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர்தான். புழுதி அடங்கத் தெளிக்கறதுக்கு நல்ல தண்ணியைத் தொடக்கூடாது, சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ணித் தருவாங்க, அதைத்தான் தெளிக்கணும். சுத்தமாம்! அந்த லாரி வந்தா சைட்டே மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். ஆனா ஒரு நாளு... ஒரு நாளு மீறியிருப்பனா?

அப்படிப்பட்டவன் போருக்கு சீல் வெச்சுட்டாங்க சார்! முந்தாநாள். எவனோ ஒரு புண்ணியவான் மனு குடுத்துட்டான், எங்க தெரு போர் வத்திப்போச்சு, ரோடு போடறவன்தான் உறிஞ்சறான்னு. தண்ணி இல்லாம மண்ணும் ஜல்லியும் எப்படி இறுகும்? ரோலரு ஒரு பக்கமா கோவிச்சுக்கிட்ட சம்பந்தி மாதிரி நிக்குது. முதலாளி ஒரே வார்த்தைல சொல்லிட்டாரு, "சீலை எடுத்துட்டு வா, இல்ல நீயும் வராதே"ன்னு. இந்த வயசுல எனக்கு வேற எவன் சார் வேலை குடுப்பான்?

சரி, வீட்டுலயாவது நிம்மதி உண்டான்னா... வீடு பக்கத்துலதான். சைட்டுக்குப் பின்னாடி சுவத்துல ஒரு ஓட்டை, அதுல குனிஞ்சு நுழைஞ்சா எங்க தெரு. மத்தியானம் சோறு ஆறறதுக்குள்ள போயி உக்காந்துருவேன். அங்கயும் குழாய்ல காத்துதான் வருது! போன வாரம் மூஞ்சி பூரா சோப்பு, தண்ணி டக்குனு நின்னுபோச்சு. கண்ணு எரியுது, கத்தறேன். என் வீட்டுக்காரி சொம்புல தண்ணி கொண்டு வருவான்னு பாத்தா, ஒரு பேப்பரை நீட்டறா! "எவனோ தண்ணியை உறிஞ்சறான்னு தெருவே எழுதியிருக்கோம், நீங்க முதல் ஆளா கையெழுத்து போடுங்க"ங்கறா. சோப்புக் கையோட போட்டேன். சும்மா போட்டனா? கோவத்துல கீழயே, "இவனைச் சும்மா விடாதீங்க"ன்னு ஒரு வரி வேற...

என்ன சார் இருமறீங்க? தண்ணியா? அந்தக் கேனு காலி. நிலத்தடி நீர் ஆபீசு, குடிக்க ஒரு வாய் கிடையாது!

ஆங்... மனு. காலைல கெஞ்சிக் கூத்தாடி நகல் வாங்கிட்டேன் சார், இந்தா பாருங்க. கண்ணாடியை வீட்டுலயே விட்டுட்டேன், ஒரு எழுத்தும் தெரியல. யாருன்னு மட்டும் தெரியட்டும், நேரா அவன் வீட்டுக்கே போயி, காலைப் பிடிச்சாவது வாபஸ் வாங்க வெச்சுடுவேன். அந்த முதல் கையெழுத்தை மட்டும் படிங்க சார்...

ஏன் என்னையே பாக்கறீங்க? என் ஃபைலு மேல இருக்கற பேரை எதுக்கு இப்ப...

மை கலஞ்சிருக்கா? ஈரக் கை பட்ட மாதிரியா? கீழ ஏதாவது... ஒரு வரி...

ஐயையோ.

சிரிக்காதீங்க சார். அட, சிரிக்காதீங்கங்கறேன்ல! வாபஸ் வாங்கினா அவ என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா, வாங்கலன்னா முதலாளி சைட்டுக்குள்ள விடமாட்டாரு. என் காலை நானே எப்படி சார் பிடிப்பேன்?

முப்பத்தொண்ணா? அதுக்குள்ளயா? இருபத்தேழு, இருபத்தெட்டெல்லாம் எங்க போனாங்க?

வரேங்க, வந்துட்டேன்! ...சார், ஒண்ணே ஒண்ணு. உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அந்தச் சுவத்து ஓட்டை வழியா எங்க தெரு போருக்கு அளந்திருந்தா தொண்ணூறுதான் வரும். தெனம் சாப்பிடப் போறவன், எனக்குத் தெரியாதா சார்?