வைத்தியனின் இரண்டாவது தொழில்

எனக்குக் கணினி விளையாட்டில் பெரிய ஆர்வம் எல்லாம் கிடையாது. அக்காதான் இழுத்துவிட்டாள். அப்பாவும் அம்மாவும் இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். விளையாட்டில் அவள் வாள்வீராங்கனை, நான் வைத்தியன். அவள் முன்னால் போய் வெட்டுப்படுவாள். நான் பின்னால் நின்று காயத்தை ஆற்றுவேன்.

கொஞ்சம் முன்னேறியதும் அதில் இரண்டாவதாக ஒரு தொழிலைச் சேர்த்துக்கொள்ளலாம். வைத்தியத்தோடு எல்லோரும் மந்திரத்தைச் சேர்ப்பார்கள். நான் நஞ்சைச் சேர்த்தேன். கூட விளையாடியவர்கள் சிரித்தார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். கூட்டாளியின் உடம்பில் நஞ்சு சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தால், ஆற்ற ஆற்ற வைத்தியனின் திறன் ஏறும். அக்காவாலும் என்னை விட்டு நகர முடியாது. அக்கா அதைக் கண்டுபிடித்து, "நல்லா வந்து மாட்டினேன்டா உங்கிட்ட" என்றாள்.

பிறகு அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அங்கிருக்கும் ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போவதாகவும் சொன்னாள். சந்தோஷம் என்றேன். ஊருக்குக் கிளம்பும் ஏற்பாடுகளில் அவள் விளையாட உட்காருவது நின்றது. யாரென்றே தெரியாதவர்களின் காயங்களை நான் ஆற்றிக்கொண்டிருந்தேன். ஒருவர்கூட நின்று ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவன். எதை எவ்வளவு கொடுக்கலாம் என்பது தெரியும். முதலில் அவளுக்கு வெறும் தலைசுற்றல்தான். பயணத்தைத் தள்ளிப்போட்டாள். ஊட்டிவிட்டேன், தலை வாரிவிட்டேன். கட்டிலில் சாய்ந்தபடியே மறுபடி விளையாடினாள். "நீ இல்லேன்னா என் கதி என்னடா?" என்றாள். அப்படி ஒரு வார்த்தையை அதற்கு முன் யாரும் என்னிடம் சொன்னதில்லை.

கட்டிக்கொள்ள இருந்தவர் பார்க்க வந்தார். தூங்குகிறாள் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினேன். மருத்துவமனைக்குக் கூட்டிப்போகலாமே என்றார். வீட்டிலேயே வைத்தியம் நடக்கிறது என்றேன். அதில் பொய் இல்லை.

போகப்போக அவளால் மவுஸைக்கூடப் பிடிக்க முடியவில்லை. விளையாட்டில் இரண்டு பேரையும் நானே நகர்த்தினேன். அவளுக்காக நானே வெட்டுப்பட்டு, நானே ஆற்றினேன்.

அன்று மத்தியானம் மாத்திரையை நீட்டியபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மருந்து வேணாம்டா. தண்ணி மட்டும் குடு."

அவள் சந்தேகப்பட்டாள் என்கிறீர்கள். அப்படியானால் ஏன் வாங்கிக் குடித்தாள்? தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு மடக்குகூட மிச்சம் வைக்கவில்லை. சாயங்காலம் உயிர் போய்விட்டது.

மாத்திரைகளைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், எல்லாம் நல்ல மாத்திரைகள். முதல் நாளிலிருந்தே நான் கலந்தது தண்ணீரில்தான். அன்றைக்கும் அவள் கேட்டதைத்தான் கொடுத்தேன்.