வேப்பமரம் நின்ற இடம்

பல்லடத்திலிருந்து திருப்பூர் செல்லும் பஸ்ஸில், காலை வெயிலில் பஞ்சுத் தூசி மெல்ல மிதந்தது. நான் பாதி உறக்கத்தில் இருந்தேன். முன் சீட்டில் பனியன் கம்பெனிக்குப் போகும் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கலெக்டர் ஆபீசுல மனு குடுத்தீங்களே, என்ன சொன்னாங்கக்கா?"

"எங்க ஊடே இல்லைன்னுட்டாங்க கண்ணு."

"அப்ப நேத்து நான் காப்பி குடிச்சது எங்கீங்கக்கா?"

"கிராவல் குழி வாசலுக்கு இருபதடி கிட்ட வந்துருச்சு, செவுரு வெடிக்குதுன்னேன். சர்வே படத்த விரிச்சுக் காட்டுறாங்க. ஊடு இருக்கற எடத்துல வேப்பமரம் போட்டிருக்குது."

"மரத்தப் பார்த்தவருக்கு ஊடு தெரியலீங்களா?"

"அந்த மரத்த வெட்டித்தான் கண்ணு கதவே செஞ்சோம். பதினஞ்சு வருசமாச்சு."

இருவரும் சிரித்தார்கள்.

அந்தப் படத்தை வரைந்தவன் நான். ஓய்வு பெறும் முன், சர்வேயராக இருந்தபோது, அந்தக் கிராவல் குவாரி அனுமதிக்காக, இடத்துக்கே போகாமல் பழைய படத்தைப் பார்த்து வரைந்து, 'அருகில் வீடுகள் இல்லை' என்று கையெழுத்திட்டேன்.

வீரபாண்டிப் பிரிவில் எழுந்த மூத்தவள் சொன்னாள்:

"பாவம், படம் போட்டவருக்கு வெயில்ல வர முடியல போல. வந்திருந்தா அவருக்கும் ஒரு டம்ளர் காப்பி குடுத்திருப்பேன்."