சாமைப்பாறை நாய்கள் சாட்சியாக

மேல்கரட்டூர் கால்நடை மருந்தகத்தின் மங்காத மாண்பே! வாயில்லா உயிர்களின் வலியை அவற்றின் வயிற்றைத் தொட்டே அறிந்த வல்லமையே! ஜவ்வாது மலையின் மாடும் மறியும் மதித்த மருத்துவ மாமணி, எங்கள் டாக்டரம்மா, சிவசங்கரி அம்மையாரே!

முப்பத்தோராண்டு அரசுப் பணியில் பதினான்கு ஆண்டுகளை இந்த அடிவாரத்துக்கே தந்து இன்று ஓய்வுபெறும் உங்களுக்கு, உடன் உழைத்த மூவரின் சார்பில் கால்நடை ஆய்வாளர் தமிழரசி எழுதி வாசிக்கும் மடல் இது.

மழையென்றும் வெயிலென்றும் பாராது மலையேறிய மனவுறுதியே! ஒடுகத்தூரில் பஸ் நின்றுபோன நாளிலும் பால்வண்டியில் ஏறி வந்து கன்று ஈன வைத்த கருணையே! எந்தத் தீவன மூட்டையைப் பிரித்தாலும் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, மோந்து பார்த்த பிறகே மாட்டுக்கு வைக்கச் சொல்வீர்கள். அதைக் கேலி செய்து உங்களுக்கு ‘முழங்கை டாக்டர்’ என்று பேர் வைத்தவர்கள் நாங்கள்தான்.

இந்த இடத்தில் நீங்கள் பெற்ற சான்றிதழ்களைச் சொல்ல வேண்டும். கிழித்துப்போட்ட மூன்று தாள்களில் அவற்றைத்தான் எழுதியிருந்தேன். நான்காவது தாளில் சாமைப்பாறை வந்து உட்கார்ந்துகொண்டது, எழுந்து போக மாட்டேன் என்கிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழியில், அந்த மலைக்கிராமத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி முகாம் நடத்தினோம். இருபத்தாறு நாய்கள் வந்தன. நாயைக் கூட்டிவந்த ஒவ்வொரு வீட்டுக்கும், நன்கொடையாக வந்த நாய்த்தீனியைப் பை நிறையக் கொடுத்தோம். தை பிறப்பதற்குள் அவற்றில் பத்தொன்பது நாய்கள் செத்துப்போயின. முதலில் தீனி பிடிக்கவில்லை, பிறகு வாந்தி, பிறகு ஈறும் கண்ணும் மஞ்சள். நீங்கள் அறுத்துப் பார்த்த நாயின் கல்லீரல் வீங்கி, மஞ்சள் அரைத்துப் பூசியதுபோல் இருந்தது. டிரைவர் விஜயராஜ் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அதன்பின் நாம் மலையேறிய அந்தப் பகலை நான் மறக்க முயன்று தோற்றிருக்கிறேன். ஜீப்பைத் துரத்தி வரும் நாய்கள் எந்த வளைவிலும் இல்லை. வெறும் சங்கிலிகள் கட்டுத்தறியில் கிடந்தன. தாங்கள் உண்ணுமுன் நாய்க்கு ஒரு கவளம் வைப்பது அவ்வூர் வழக்கம். செத்த நாய்களின் சட்டியிலும் அன்று களி வைத்திருந்தார்கள், அது வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. பட்டப்பகலில் காட்டுப்பன்றிகள் சாமைக் கொல்லைக்குள் நிதானமாக நடந்துபோயின. விரட்டக் குரல் இல்லை. எனக்குக் காது அடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஊசிதான் கொன்றது என்று ஊரே நம்பியது. இனி ஒரு நாயையும் காட்ட மாட்டோம் என்றார்கள். ஊசி போடாமல், அடுத்த வீட்டில் வாங்கிய தீனியை மட்டும் தின்ற துரைக்கண்ணுவின் நாயும் செத்ததைக் கேட்டறிந்து, மிச்சத் தீனியை ஆய்வகத்துக்கு அனுப்பினீர்கள். பூஞ்சைக் காளான் சுரக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சு என்று முடிவு வந்தது. அதை எடுத்துக்கொண்டு மறுபடி மலையேறினீர்கள். அவ்வூர்ப் பாஞ்சாலையம்மா உங்களை மறித்து, “ஊசியா, தீனியா? இன்னான்னு சொல்லுங்க டாக்டரம்மா” என்று கேட்டார்.

“தீனிதாம்மா. நான் கைவிட்டுப் பாக்காம குடுத்துட்டேன். தப்பு என்னுதுதான்” என்றீர்கள்.

அந்த ஒரு சொல்லால் ஊர் மறுபடி ஊசிக்கு வந்தது. அதே சொல் விசாரணைத் தாளில் ஏறியது. தீவனத்தைச் சோதிக்கத் தவறியவர் என்ற கறையோடு, வரவேண்டிய பதவி உயர்வு வராமலே, இன்று விடைபெறுகிறீர்கள்.

அம்மையாரே, அன்று நடந்தது இது. ஐப்பசி மழையில் நம் கிடங்கு ஒழுகி அந்த நாய்த்தீனி மூட்டைகள் நனைந்தன. தீனியில் பூஞ்சை பச்சையாகப் பூத்திருந்தது. கணியம்பாடியில் கடலை விளைவிக்கும் வீட்டில் பிறந்தவள் நான். நனைந்த கடலையை வெயிலில் காயப்போட்டு, தேய்த்துப் புடைத்தால் சரியாகிவிடும் என்று எங்கள் வீட்டில் பார்த்தே வளர்ந்தேன். அதையே மொட்டைமாடியில் செய்தேன். உதவியாளர் கோபால் தேய்த்தார், விஜயராஜ் புதுச் சாக்கில் கட்டினார். வெயிலில் பூஞ்சை செத்தது, நஞ்சு சாகவில்லை. முகாம் நாளன்று மாடு முட்டி உங்கள் வலக்கை கட்டுக்குள் இருந்தது. கைவிட முடியாமல், தீனி நல்லா இருக்கிறதா என்று என்னிடம் கேட்டீர்கள். நல்லா இருக்குதுங்க என்றேன். மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள். விசாரணையிலும் நாங்கள் வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம், வேறொன்றுமில்லை.

ஆனால் சாமைப்பாறைக்குத் தெரிந்திருக்கிறது. பிழைத்த நாய்கள் உங்களைக் கண்டால் வாலாட்டிக் குரைக்கின்றன. நாங்கள் போனால் குரைப்பதில்லை. ஒவ்வொன்றாக வந்து எங்கள் கையை மோந்துவிட்டு, எட்டிப்போய் உட்கார்ந்து பார்க்கின்றன. அன்று பிறந்திராத குட்டிகளும் அப்படியே செய்கின்றன. எந்த மருந்துப் புத்தகத்திலும் இதற்குக் காரணம் இல்லை.

பாஞ்சாலையம்மா இக்கூட்டத்துக்கு வந்திருக்கிறார். அவர் போகுமிடமெல்லாம் போகும் கறுப்பி, பிழைத்த ஏழில் ஒருத்தி, இப்போது கேட்டருகே உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நீங்கள் யாரும் திரும்ப வேண்டாம். நேற்று இந்த வரியை எழுதும்போதே அது எனக்குத் தெரியும்.

உண்மையின் உருவே! எங்கள் பழியை உங்கள் தோளில் சுமந்த உத்தமியே! இந்த மடலின் நகல், எங்கள் கையெழுத்தோடு, இன்று காலையே மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் போய்விட்டது. இதைச் சட்டம் போட்டு உங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டுங்கள். வருகிறவர்கள் எல்லாம் படிக்கட்டும்.

ஈறு சிவக்க, கண் தெளிய, கல்லீரல் பழுதின்றி, பேரப்பிள்ளைகள் சூழ நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். நீங்கள் நடக்கும் தெருவெல்லாம் நாய்கள் குரைத்து வரவேற்க வேண்டும்.

இங்ஙனம்,
நல்லா இருக்குதுங்க என்று சொன்ன தமிழரசி,
அதைக் கேட்டும் பேசாதிருந்த கோபால், விஜயராஜ்,
மேல்கரட்டூர் கால்நடை மருந்தகம்.