கதவருகே நின்ற சார்ஜென்ட்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் ஐயா அவர்களே, தலைமை நர்ஸ் அம்மா அவர்களே, தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சார்ஜென்டின் துணைவியாரே, அவருடைய அருமை மகளே, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வேலையிலிருந்து நேராக இங்கே வந்திருக்கும் என் சலவைக்கூடத்துத் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை இது. குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மை விட்டுப் பிரிந்த மனிதருக்கு அழகான ஒரு பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. நமக்கு அவர் சார்ஜென்ட். பாதி ஆயுளை ராணுவத்தில் கழித்துவிட்டு, ஓய்வுபெற்ற கையோடு நம் சலவைக்கூடத்தின் துணி அறைக்குப் பொறுப்பாளராக வந்தவர். அப்போது நான் ஷிப்ட் மேற்பார்வையாளர். வயதில் அவருக்குத் தங்கை போல இருப்பேன். ஆனாலும் முதல் நாள் என் முன்னால் விறைப்பாக நின்று "மேடம்" என்றார். இஸ்திரி போடும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, "பார்த்துடி, நீ தும்மினாக்கூட சல்யூட் அடிப்பாரு போலிருக்கு" என்றார்.

அன்று சாயங்காலம் மணி அடித்தது. மெஷின்கள் நின்றன. எல்லோரும் கிளம்பினார்கள். சார்ஜென்ட் மட்டும் சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்தபடி கதவருகே நின்றார். நான் விளக்குகளை அணைத்துவிட்டு வந்து, "ஏன் சார், கூட்டிட்டுப் போக யாராவது வராங்களா?" என்று கேட்டேன்.

"இல்லை மேடம். நீங்க இன்னும் போகச் சொல்லலையே."

"போயிட்டு வாங்க சார்ஜென்ட்" என்றேன். அந்தப் பெயரும் அந்தப் பழக்கமும் அன்றைக்கே ஒட்டிக்கொண்டன. அதன்பிறகு தினமும் மணி அடிக்கும், அவர் கதவருகே நிற்பார், நான் சொல்வேன், அவர் போவார்.

அவர் எங்களுக்கு என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? முதலில் எங்களை மாட்டிவிட்டார். படுக்கை விரிப்பை ராணுவத்தில் எப்படி மடிப்பார்களோ அப்படியே மடிக்கச் சொன்னார். முனையை உள்ளே செருகி, இறுக்கி, செங்கல் மாதிரி. அலமாரியில் அடுக்கியபோது எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. இதோ மேடையில் இருக்கும் தலைமை நர்ஸ் அம்மாவிடமிருந்து போன் வந்தது. "அங்க யாரு இதை மடிக்கிறது? நோயாளியை ஒரு கையில தாங்கிட்டு இன்னொரு கையால இதைப் பிரிக்க முடியுமா? பல்லால கடிச்சுப் பிரிக்கட்டுமா?"

வேறொரு மனிதராக இருந்தால் என்ன செய்திருப்பார்? நர்ஸுக்கு மடிப்பின் அருமை தெரியவில்லை என்றிருப்பார். நம் சார்ஜென்ட் நேராக வார்டுக்குப் போய் ஒரு மூலையில் நின்று பார்த்தார். ஆள் படுத்திருக்கும்போதே கட்டிலில் எப்படி விரிப்பு மாற்றுகிறார்கள் என்று பார்த்தார். திரும்பி வந்து எல்லார் முன்னாலும், "தப்பு என்னுது. அவங்க ஒத்தைக் கையில வேலை செய்யறாங்க. இழுத்தா வரணும்" என்றார். அத்தனை கட்டுகளையும் அவரே உட்கார்ந்து பிரித்து, ஒரு கையால் இழுத்தால் விரியும்படி மடித்தார். இன்று எல்லா வார்டுகளிலும் 'சார்ஜென்ட் மடிப்பு' என்று கேட்டு வாங்குகிறார்களே, அது ராணுவத்தில் கற்றது அல்ல தோழர்களே, இங்கே வந்து கற்றது.

வேலையை இப்படி வேகமாகக் கற்றுக்கொண்டார். வீட்டுக்குப் போவதைத்தான் கற்றுக்கொள்ள முடியவில்லை.

அவருடைய மகளுக்கு ஒருநாள் மாலை கார் ஓட்டும் தேர்வு. அப்பா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். வருகிறேன் என்று அவரும் வாக்குக் கொடுத்திருந்தார். அன்று நான் விடுப்பு. எனக்குப் பதிலாக வந்தவர் மாடியில் ஏதோ கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். மணி அடித்தது. சார்ஜென்ட் கதவருகே நின்றார். போகச் சொல்ல ஆளில்லை. மனம் பறந்தாலும் கால் நகரவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். அங்கே மகள் வாசலைப் பார்த்துப் பார்த்து, தன் முறை வந்ததும் தனியாக ஏறி, கம்பத்தில் இடித்தாள். நீ சிரிக்கிறாயம்மா, சிரி. அன்று நீ அழுதாய்.

மறுநாள் காலை அவர் மனைவி சலவைக்கூடத்துக்கு வந்தார். அதற்கு முன் அந்தப் படியேறியவர் இல்லை. என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஒரு உதவி செய்யணும். இனிமே அவரைப் போகச் சொல்லாதீங்க."

"சொல்லலைன்னா இங்கயே நிப்பாரேம்மா."

"நிக்கட்டும். வீட்டுலயும் அப்படித்தான் நிக்கிறாரு. உட்காருங்கன்னா உட்காருறாரு, சாப்பிடுங்கன்னா சாப்பிடுறாரு. இத்தனை வருஷம் யாரோ கூப்பிட்டா போனாரு, யாரோ அனுப்பினா வந்தாரு. இப்பத்தான் முழுசா என் கையில கிடைச்சிருக்காரு. அவரா கிளம்பி, அவரா வீட்டுக்கு வரணும்மா. எனக்கு அது போதும்."

அன்று மாலை மணி அடித்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கதவருகே நின்றார். ஒருவர்கூட வீட்டுக்குக் கிளம்பவில்லை. இஸ்திரி அக்கா ஏற்கனவே தேய்த்த தலையணை உறையை எடுத்து மறுபடி தேய்த்தார். வேன் டிரைவர் துடைத்த கண்ணாடியையே துடைத்தார். சார்ஜென்ட் என்னைப் பார்த்தார். நான் உலர்த்தும் மெஷினைப் பார்த்தேன். துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே நடந்த மனிதருக்கு ஒரு கதவைத் தாண்டுவது இவ்வளவு பாடா? ஆமாம், அவ்வளவு பாடு. நெற்றி வேர்த்துவிட்டது அவருக்கு. சொல்லித் தொலைத்துவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது.

கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடம், நான் வீட்டுக்குக் கிளம்பறேன்."

"சரி" என்றேன்.

போனவர் உடனே திரும்பி வந்தார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டாராம். அதை எடுத்துக்கொண்டு எங்கள் முகங்களைப் பார்த்தார், சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தோம். வீட்டு வாசலில் நின்று "நானே வந்துட்டேன்" என்றாராம். கதவைத் திறந்த அம்மா இதோ இருக்கிறார். அடுத்த தேர்வுக்கு மகளின் பக்கத்தில் அப்பா இருந்தார். இன்று இந்த மண்டபத்துக்கு அம்மாவை அழைத்துவந்த காரை ஓட்டியது அந்த மகள்தான்.

அதன்பின் ராணுவத்திலிருந்து யார் நம் மருத்துவமனைக்கு வேலைக்கு வந்தாலும், பாய்லர் அறையானாலும் சரி, சமையலறையானாலும் சரி, முதல்நாள் மாலை சார்ஜென்ட் அங்கே போய்விடுவார். புதியவர் கதவருகே நின்றால் பக்கத்தில் தானும் நிற்பார். அறிவுரை கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. "என்ன சார்ஜென்ட் இது?" என்று கேட்டால், "துணைக்கு நிக்கிறேன் மேடம். அவரு கிளம்பினா நானும் கிளம்பிடுவேன்" என்பார். அப்படி அவரைத் துணையாகப் பெற்றவர்கள் பின்வரிசைகளில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களைத் திரும்பப் பெற்ற வீடுகள் அவருக்குக் கடன்பட்டிருக்கின்றன. நாங்களும்தான்.

கடைசியாக அவரை நம் மருத்துவமனை வார்டிலேயே பார்த்தேன். நாங்கள் துவைத்த விரிப்பில் படுத்திருந்தார். முனையைத் தடவிப் பார்த்து, "மடிப்பு சரியா இருக்கு" என்றார். நேரமாகிவிட்டது, எழுந்தேன். எழுந்தேனே தவிரப் போக முடியவில்லை. கட்டில் பக்கத்திலேயே நின்றேன். அவர் கண்ணில் குறும்பு வந்தது.

"என்ன மேடம் நிக்கிறீங்க? போகச் சொல்லணுமா?"

"ஆமாம் சார்ஜென்ட்."

"நான் சொல்லமாட்டேன். வேணும்னா துணைக்கு முழிச்சிருக்கேன்."

நான் கிளம்பும்வரை முழித்திருந்தார். மறுநாள் அவர் கிளம்பினார். யாரும் சொல்லக் காத்திருக்கவில்லை.

நண்பர்களே, இந்த வாரம் பாய்லர் அறைக்கு ராணுவத்திலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். முதல்நாள் மாலை கதவருகே நின்றார். பக்கத்தில் போய் நின்றது யார் தெரியுமா? நம் இஸ்திரி அக்கா. புதியவர் கிளம்பும்வரை நின்றார். அக்கா ஓய்வுபெற்றால் நான் நிற்பேன். எனக்குப் பிறகு உங்களில் ஒருவர் நிற்பீர்கள். சார்ஜென்டுக்கு நாம் கொடுக்கும் வாக்கு இதுதான்.

கூட்டம் முடிந்தது, எல்லோரும் போகலாம் என்று இங்கே நான் அறிவிக்க வேண்டுமாம். அறிவிக்கமாட்டேன். அவர் படத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்கிறேன். உங்களுக்கு எப்போது தோன்றுகிறதோ, அப்போது நீங்களே எழுந்து வீட்டுக்குக் கிளம்புங்கள்.